மாலையானால் கண் காய்கிறது: தினசரி கான்டாக்ட் லென்ஸ் எது எடுக்கலாம்? (காரைக்குடி, தேவகோட்டை பக்கம்)

தேவகோட்டை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் பள்ளி ஆசிரியை நான். கண்ணாடிப் பவர்: வலது –5.50; இடது –4.75, இடதில் மட்டும் சிலிண்டர் –1.00, ஆக்சிஸ் 180. தை மாதம் எனக்குக் கல்யாணம். அதற்குள் லென்ஸ் பழகிவிட வேண்டும் என்று ஒரு கடையில் மாத லென்ஸ் வாங்கினேன். கண்ணாடிச் சீட்டைப் பார்த்து வலதுக்கு –5.50, இடதுக்கு –4.75 எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணைப் பரிசோதிக்கவில்லை.

காலையில் போட்டால் லென்ஸ் இருப்பதே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு மேல் உறுத்த ஆரம்பிக்கும். சாயங்காலம் ஜன்னலோர சீட்டில் காற்று அடித்தால் மணல் விழுந்த மாதிரி இருக்கும். இடது கண்ணில் பஸ் போர்டு எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் எழுத்து தெரியும்.

தினம் ஒன்று போட்டுத் தூக்கிப்போடும் லென்ஸ் சுகமாக இருக்கும் என்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது? ஆன்லைனில் ஆர்டர் போடலாமா?

ஆத்தங்குடிக் கல்

டீச்சர், கல் பட்டறையில் இருக்கேன். கண்ணாடித் தகட்டு மேல கலர் ஊத்தி, சிமெண்ட் மணல் போட்டு அழுத்துற வேலை. காலையில முதல் மூட்டை பிரிக்கும்போதே தூசி கிளம்பிரும். மாத லென்ஸ் போட்ட காலத்துல எத்தனை அலசினாலும் ஒரு பொடி எங்கயாவது ஒட்டிக்கிட்டு மறுநாளும் உறுத்தும். இப்ப பட்டறையில கண்ணாடி மட்டும். வெளிய விசேஷம், கல்யாணம்னா தினசரி லென்ஸ். ராத்திரி கழட்டிப் போட்டுட்டா அன்னைக்குத் தூசி அன்னைக்கோட போச்சு. நம்ம ஊரு வெயிலுக்கும் புழுதிக்கும் தினசரிதான் சரி.

அளந்து பார்ப்பவர்

ஆப்டோமெட்ரி (கண்ணை அளந்து பவர் பார்க்கும் படிப்பு) படித்து இதே தொழிலில் இருக்கிறேன். டீச்சர் கேட்டது கம்பெனிப் பெயர். ஆனால் அவர் எழுதியிருப்பதில் கம்பெனியைத் தொடுவதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது பவர். கண்ணாடி கண்ணுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. பவர் 4-ஐத் தாண்டினால் இந்த இடைவெளி கணக்கில் வந்துவிடும். மைனஸ் பவருக்கு லென்ஸில் கொஞ்சம் குறைக்க வேண்டும். உங்கள் வலது கண் –5.50 லென்ஸில் –5.16 ஆகிறது, கிடைப்பதில் அதற்கு நெருக்கம் –5.25. கூடுதல் மைனஸ் போட்டால் தூரம் பளிச்சென்று தெரியும், ஆனால் நோட்டுத் திருத்தும்போது கண் கூடுதலாக உழைக்கும். சாயங்காலத் தலைவலி பலருக்கு அங்கிருந்து வருகிறது.

இரண்டாவது இடது கண்ணின் சிலிண்டர். கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர் அது; ஆக்சிஸ் என்பது அது நிற்க வேண்டிய கோணம். அதை அப்படியே விட்டுவிட்டு வெறும் –4.75 கொடுத்திருக்கிறார்கள். பஸ் போர்டில் நீங்கள் பார்க்கும் நிழல் எழுத்து அதனால்தான். 0.75-க்கு மேல் சிலிண்டர் இருந்தால் பொதுவாக டோரிக் லென்ஸ், அதாவது சிலிண்டரும் சேர்ந்த லென்ஸ் போடுவோம். உங்கள் கணக்குக்கு –4.50, சிலிண்டர் –0.75, ஆக்சிஸ் 180 என்று தொடங்கலாம். –1.00 எங்கே போயிற்று என்று யோசிக்க வேண்டாம்: இடைவெளிக் கணக்கில் அது ஏறக்குறைய 0.88 ஆகிவிடுகிறது, தினசரி டோரிக்கில் சிலிண்டர் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75 என்ற படிகளில்தான் வரும். இது காகிதக் கணக்கு. முடிவான எண் கண்ணில் லென்ஸ் போட்டுப் பார்த்த பிறகுதான்.

சிக்கனம்

//நம்ம ஊரு வெயிலுக்கும் புழுதிக்கும் தினசரிதான் சரி//

அண்ணே, எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. நான் காலையிலிருந்து ராத்திரி வரை தினமும் போடுகிறேன். மாத லென்ஸ் பெட்டியில் 6 இருக்கும், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் ஒரே பெட்டி 3 மாதம் வரும். சொல்யூஷன் செலவையும் சேர்த்தாலும் எனக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. தினசரிப் பெட்டியில் 30 இருந்தாலும் இரண்டு கண்ணுக்கு 15 நாள்தான். முடிவெடுக்கும் முன் டீச்சர் இதையும் பார்க்க வேண்டும்.

அளந்து பார்ப்பவர்

சிக்கனம் சொல்வது நியாயம். தினமும் நாள் முழுக்கப் போடுபவர், கண்ணீர் நன்றாக ஊறுபவர், தேய்த்துக் கழுவச் சோம்பாதவர் என்றால் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்ற, காற்று நன்றாகப் போகும் பொருளில் செய்த மாத லென்ஸ் தாராளமாகப் போடலாம். கணக்கு மாறுவது வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போடுபவர்களுக்கு. மாத லென்ஸ் என்பது 30 தடவை போடுவது அல்ல. பொதியைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள் ஆனால், எட்டே தடவை போட்டிருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். பலர் அதை மூன்று மாதம் ஓட்டுகிறார்கள். அவர்கள் கண்ணைத்தான் நான் சிவந்த நிலையில் பார்க்கிறேன்.

அடுப்படி ஆச்சி

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யறவ நான். ஆத்தா, மிளகாய் தொட்ட கையை மட்டும் மறந்துறாதே. நம்ம வீட்டுச் சமையல்ல வரமிளகாயைக் கிள்ளாம ஒரு நாள் போகாது. அந்தக் காரம் ஒரு தடவை சோப்புப் போட்டா போகாது. விரல்ல நல்லெண்ணெய் தடவித் தேய்ச்சு, அப்புறம் சோப்பு போட்டு ரெண்டு மூணு தடவை கழுவினாத்தான் இறங்கும். அப்பவும் நகத்திடுக்குல நின்னுக்கும். கண்ணுல லென்ஸோட மாட்டிக்கிட்டா லென்ஸும் காரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கழட்டவும் அதே விரல்தான் போகணும். மிளகாய் வேலை இருக்கற நாள்ல நான் கண்ணாடியோட நின்னுருவேன். என் மருமகளுக்கும் அதேதான் சொல்லியிருக்கேன்.

அளந்து பார்ப்பவர்

ஆச்சி சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு லென்ஸில் ஒட்டினாலும் பார்வை மங்கும், அதனால் கடைசிக் கழுவல் சோப்பாகத்தான் இருக்க வேண்டும். வாசனை எண்ணெய், கிரீம் கலந்த சோப்பு வேண்டாம். துடைக்கும் துண்டு பஞ்சு உதிராததாக இருக்கட்டும்.

தேவகோட்டை டீச்சர்

நன்றி சார், நன்றி ஆச்சி. பவர் விஷயம் இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் அந்த உறுத்தல்? அதுவும் பவரால்தானா? இணையத்தில் தேடினால் 'நீர்ச்சத்து 78 சதவீதம்', '58 சதவீதம்', '33 சதவீதம்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கண் காய்கிறதே, அதிக நீர் உள்ளதைத்தானே எடுக்க வேண்டும்?

அளந்து பார்ப்பவர்

இல்லை. உறுத்தல் பவரால் வருவதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லென்ஸில் இருக்கும் நீர் அதிலேயே நிற்பதில்லை. வறண்ட காற்றில் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும், அந்த இழப்பை உங்கள் கண்ணீர்தான் ஈடுகட்ட வேண்டும். ஊறும் கண்ணீர் குறைவு என்றால் லென்ஸ் ஓரம் இறுகி உறுத்தும். ஆகவே நீர்ச்சத்து எண் ஒன்றை வைத்துச் சுகத்தை அளக்க முடியாது.

பொருளில் இரண்டு குடும்பம் உண்டு. பழையது ஹைட்ரோஜெல்: 1961-ல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழல் கருவி கட்டி வார்த்தெடுத்த மென்லென்ஸின் வழி. இதில் ஆக்சிஜன் நீர் வழியாகத்தான் கருவிழிக்குப் போகும், அதனால் ஒரு எல்லைக்கு மேல் போகாது. அடுத்தது 1999 வாக்கில் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல். இதில் சிலிக்கோனே ஆக்சிஜனை விடுவதால் நீர் குறைவாக இருந்தாலும் காற்று நன்றாகப் போகும். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. திறந்த கண்ணில் அது ஆக்சிஜனை நேராகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. நாள் முழுக்கப் போடுபவருக்கு இது முக்கியம்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் மூன்று வகை. 58 என்பது அக்யூவியூ மாய்ஸ்ட் மாதிரி ஹைட்ரோஜெல். மெலிசு, பலருக்கு நன்றாக ஒத்துப்போகும். 78 என்பது பயோட்ரூ ஒன்டே. அதுவும் ஹைட்ரோஜெல்தான், ஈரம் சீக்கிரம் போகாதபடி மேற்பரப்பை அமைத்திருக்கிறார்கள். 33 என்பது டெய்லீஸ் டோட்டல் ஒன். உள்ளே சிலிக்கோன் ஹைட்ரோஜெல், வெளிப்பரப்பில் மட்டும் நீர் 80 சதவீதத்துக்கு மேல். இமை உரசும் இடத்தில் ஈரம், நடுவில் காற்றுப் போக்கு என்ற யோசனை. ஒருவருக்கு 58 சுகமாக இருந்து 33 பிடிக்காமல் போவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முந்தியது பொருத்தம். பெட்டியில் பேஸ் கர்வ் என்று 8.4, 8.5, 8.6, 9.0 மாதிரி ஒரு எண் இருக்கும்; அது லென்ஸின் உள்வளைவு. அடுத்தது டயாமீட்டர், 14-ஐ ஒட்டி இருக்கும். கருவிழி வளைவுக்கு லென்ஸ் தளர்ந்தால் ஒவ்வொரு இமைப்பிலும் நகர்ந்து உறுத்தும். இறுகினால் காலையில் அசையவே அசையாது, படு சுகமாக இருக்கும். அடியில் கண்ணீர் மாறாமல் தேங்கி, சாயங்காலம் எரியும், கண் சிவக்கும். 'காலையில் போட்டால் லென்ஸ் இருப்பதே தெரியாது, மதியத்துக்கு மேல் உறுத்தும்' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இன்று ராத்திரி கழற்றியதும் கண்ணாடி முன் நின்று, வெள்ளை விழியில் லென்ஸ் ஓரம் பதிந்த வட்டத் தடம் இருக்கிறதா பாருங்கள்.

தேவகோட்டை டீச்சர்

இருக்கிறது சார். இரண்டு கண்ணிலும். வலதில் நன்றாகவே தெரிகிறது.

அளந்து பார்ப்பவர்

அந்த லென்ஸை இனிப் போட வேண்டாம். ஒரு வாரம் கண்ணாடியிலேயே இருங்கள். பிறகு லென்ஸ் பொருத்திப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். கருவிழி வளைவை அளந்து, சோதனை லென்ஸ் போட்டு, 15, 20 நிமிடம் உட்கார வைத்து, ஸ்லிட் விளக்கில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இமைக்கும்போது லென்ஸ் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். டோரிக் என்றால் அதிலுள்ள கோட்டுக் குறி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுழன்று நின்றால் ஆக்சிஸ் மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் பெட்டியை நீட்டும் இடத்தில் வாங்காதீர்கள். சோதனை ஜோடிகளைக் கையில் கொடுத்து, நீங்கள் நிஜமாகப் போகும் பஸ்ஸில், நிஜமாக நிற்கும் வகுப்பில் போட்டுப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

ஆன்லைன் ஆர்டர் எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் சீட்டில் கம்பெனி, பேஸ் கர்வ், டயாமீட்டர், பவர், சிலிண்டர், ஆக்சிஸ் அத்தனையும் எழுதி இருந்தால் அதே பெட்டியை எங்கும் வாங்கலாம். ஒரு கம்பெனி 8.5-ம் இன்னொரு கம்பெனி 8.5-ம் கண்ணில் ஒரே மாதிரி உட்காராது. 'அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்' என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். பார்சல் வந்ததும் வெயிலில், கார் டேஷ்போர்டில் கிடக்க விடாதீர்கள். லென்ஸ் பொதியின் தகடு உப்பியோ கசிந்தோ இருந்தால் அந்த ஒன்றைப் போடாதீர்கள்.

பள்ளத்தூர் பையன்

சார் ஒரு சந்தேகம். தினசரி லென்ஸை ராத்திரி சொல்யூஷனில் போட்டு மறுநாளும் போடலாமா? ஹாஸ்டலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அளந்து பார்ப்பவர்

வேண்டாம் தம்பி. அது ஒரு நாள் உழைப்புக்கென்று மெல்லிசாகச் செய்தது, தேய்த்துக் கழுவினால் ஓரம் கிழியும். கழுவாமல் ஊறவைத்தால் கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் அதிலேயே படிந்திருக்கும். பொதிக்குள் வரும் திரவம் வெறும் உப்புநீர்க் கரைசல், கிருமியைக் கொல்லாது. பணம் போதவில்லை என்றால் தினசரியைக் குறைந்த நாள் போடு, மற்ற நாளில் கண்ணாடி போடு.

ஊருணிக்கரை

குளியல் பற்றி யாரும் எழுதவில்லையே. திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் லென்ஸோடு ஊருணியில் இறங்குவதைப் பார்க்கிறேன். வீட்டில் ஷவரில் நிற்பதும் உண்டு. அது பரவாயில்லையா?

அளந்து பார்ப்பவர்

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். அகாந்தமீபா என்ற ஒரு அமீபா குளத்து நீரிலும் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கருவிழியைத் துளைக்கும் புண் வரும்; மாதக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டி வரும், பார்வையும் போகலாம். குளித்து முகம் துடைத்த பிறகுதான் லென்ஸ். ஊருணி, கடல், நீச்சல் குளம் எதுவானாலும் கழற்றிவிட்டு. லென்ஸையும் டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. எச்சில் தொட்டுப் போடவும் கூடாது.

மாத லென்ஸ்காரர்களுக்கு இன்னும் ஒன்று: டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பாதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். 2006-ல் பூஞ்சைத் தொற்றுகள் கிளம்பி ஒரு பிரபலச் சொல்யூஷனையே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

நம் மதுரை வட்டாரத்தில் பூஞ்சையை இலேசாக எடுக்கவே முடியாது. வயல் வேலையில் வைக்கோல், தாள் கண்ணில் பட்டு வரும் பூஞ்சைப் புண் இங்கே ஏராளம். அதனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எரிச்சல் அடங்கிய மாதிரி தெரியும், பூஞ்சை உள்ளே பரவிவிடும். லென்ஸைக் கழற்றுங்கள், எறியாதீர்கள், டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸிலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியும். ராத்திரி நேரம் என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். மதுரை இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான்.

பினாங்குக்காரன்

வெளியூரில் இருக்கிறேன். எனக்குச் சாயங்கால வறட்சிக்குக் காரணம் லென்ஸே இல்லை. தூசி ஒவ்வாமைக்குத் தினம் செட்ரிசின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது கண்ணீரையும் குறைக்கும் என்று மருத்துவர் சொன்னார். விமானத்திலும் ஏசி அறையிலும் கூடுதலாகக் காயும். கம்ப்யூட்டர் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடும். டீச்சர் மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

தேவகோட்டை டீச்சர்

மாத்திரை எதுவும் இல்லை சார். பஸ் காற்றுதான். ஜன்னலோரம் உட்காராமல் பார்க்கிறேன். சொட்டு மருந்து விடலாமா?

அளந்து பார்ப்பவர்

'கான்டாக்ட் லென்ஸோடு பயன்படுத்தலாம்' என்று பெட்டியில் போட்ட, பிரிசர்வேட்டிவ் இல்லாத ஈரச் சொட்டு மட்டும் விடலாம். சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம்.

அடுப்படி ஆச்சி

கல்யாணத்தன்னைக்கு ஹோமப் புகை, சமையக்கட்டுப் புகை எல்லாம் முகத்துக்குத்தான் வரும். அதுக்கு என்ன சொல்றீக?

அளந்து பார்ப்பவர்

ஆச்சி, அதற்கு ஒரு ஜோடி கூடுதலாகக் கையில் இருக்கட்டும். தினசரியில் உள்ள பெரிய சௌகரியமே இதுதான். புகையில் மங்கினால் அந்த ஜோடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவிப் புதிதைப் போட்டுக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு அலங்காரம் செய்யும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப் கலைப்பது. கண் மையை இமையின் உள்ளோரத்தில் தீட்டாமல் வெளியோரத்தில் மட்டும். தலைக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, அடித்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அன்று ராத்திரி எவ்வளவு அசதி என்றாலும் லென்ஸோடு படுக்கக் கூடாது. கல்யாண வீட்டில் நடப்பது பெரும்பாலும் அதுதான். கண்ணாடியையும் பெட்டியோடு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல்

போடும்போது உள்வெளி மாறிட்டா அன்னைக்குப் பூரா உறுத்தும் டீச்சர். விரல் நுனியில வச்சு வெளிச்சத்துல பக்கவாட்டுல பாருங்க. ஓரம் நேரா மேல நின்னு கிண்ணம் மாதிரி இருந்தாச் சரி. ஓரம் வெளிப்பக்கம் மலர்ந்து விரிஞ்சிருந்தா தலைகீழ், திருப்பிப் போடணும். சில கம்பெனி லென்ஸ்ல 123-னு பொடி எழுத்து இருக்கும், அது நேரா படிக்க வந்தாச் சரி.

தேவகோட்டை டீச்சர்

போய் வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். கருவிழி அளந்தார்கள். பழைய லென்ஸ் என் கண்ணுக்கு இறுக்கம் என்று அங்கேயும் சொன்னார்கள். முதலில் 78 சதவீத லென்ஸ் போட்டுப் பார்த்தோம். வலதில் நன்றாக இருந்தது, ஆனால் பள்ளி முடிந்து வரும்போது ஓரம் தெரிந்தது. பிறகு சிலிக்கோன் ஹைட்ரோஜெல் தினசரி, இடதுக்கு அதிலேயே டோரிக். அளந்து பார்ப்பவர் சொன்ன மாதிரியே வலது –5.25, இடது –4.50 உடன் சிலிண்டர் –0.75. ஆக்சிஸ் 180-லேயே நின்றது. தேவகோட்டை பஸ்ஸில் போட்டுப் போய் வந்தேன். போர்டு எழுத்து ஒற்றையாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கழற்றும்போது கண் சிவக்கவில்லை, வட்டத் தடமும் இல்லை.

விலை கூடுதல்தான். வாரத்தில் மூன்று நாள் லென்ஸ், மற்ற நாள் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மட்டும் தினமும்.

சிக்கனம்

வாரம் மூன்று நாள் என்றால் ஒரு கண்ணுக்கு 30 லென்ஸ் பெட்டி பத்து வாரம் வரும். உங்களுக்கு இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர், ஆகையால் இரண்டு பெட்டி. இந்தக் கணக்குக்கு மாத லென்ஸும் சொல்யூஷனும் வாங்கிப் பாதியில் எறிவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நான் நினைத்த அளவு இல்லை. உங்கள் விஷயத்தில் தினசரிதான் சரி.

அளந்து பார்ப்பவர்

நல்ல சேதி டீச்சர். வலது, இடது பெட்டி மாறிவிடாமல் மூடியில் பெரிதாக எழுதி வையுங்கள். டோரிக் லென்ஸ் வலது கண்ணுக்குப் போனால் நாள் முழுக்க மங்கலாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம், ஆறு மாதத்தில் பவர் மாறலாம். கழற்றியதைக் கழுவுதொட்டியில் போடாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள்.

அடுப்படி ஆச்சி

பத்திரிகை அடிச்சதும் சொல்லு ஆத்தா. கூடுதல் ஜோடியை யார் கையில குடுக்கறதுன்னு இப்பவே ஆளை முடிவு பண்ணி வச்சுக்க.